மூன்றடி மண்ணும் ஒரு மழையும்: கடலோர நிலத்தில் தாங்கு சுவர் கட்டுவது எப்படி?

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மனை வாங்கியவர்கள் வீடு கட்டுவதற்கு முன்பே செய்கிற வேலை ஒன்று உண்டு: மனையை உயர்த்துவது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது, ஐப்பசி கார்த்திகையில் தெருத் தண்ணீர் வாசல் தாண்டி உள்ளே வருகிறது. அதனால் ஒரு கிரவுண்டு மனைக்கு இருபத்தைந்து, முப்பது லோடு சவுடு கொட்டி மூன்றடி ஏற்றிவிடுகிறார்கள். சுற்றிலும் ஏற்கெனவே காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஆறரை அடி உயரம். மண் அதன்மேல் சாய்ந்து நிற்கிறது. யாருக்கும் அதில் தவறு தெரிவதில்லை.

ஆனால் முதல் லோடு மண் விழுந்த அன்றே அந்தச் சுவரின் வேலை மாறிவிட்டது. அதுவரை அது எல்லை காட்டும் சுவர். இனி அது மண்ணைத் தாங்கும் சுவர். வேலைத்தளத்தில் ‘ரீட்டெய்னிங் வால்’ என்கிறார்களே, அது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் கணக்கு முற்றிலும் வேறு. பொறியியல் படிக்க வந்த முதலாண்டு மாணவருக்கும், சொந்தப் பணத்தில் வீடு கட்டுகிறவருக்கும் இந்தக் கணக்கு புரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

மணல் ஏன் பக்கவாட்டில் தள்ளுகிறது?

கடற்கரையில் காய்ந்த மணலைக் கை நிறைய அள்ளி மெல்ல ஒழுகவிடுங்கள். குவியல் ஏறும், ஒரு சரிவுக்கு மேல் ஏறாது. பக்கங்கள் சரிந்து சரிந்து கிட்டத்தட்ட 30 பாகை கோணத்தில் நின்றுவிடும். மணல் தானாக நிற்கும் கோணம் அவ்வளவுதான். அதைவிடச் செங்குத்தாக அதை நிறுத்த வேண்டுமென்றால் யாராவது முட்டுக்கொடுக்க வேண்டும். அந்த முட்டுதான் சுவர்.

எவ்வளவு முட்டு என்பதை முதலில் முறையாகக் கணக்கிட்டவர் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலும். மின்னூட்டத்துக்கு அலகாகப் பெயர் கொடுத்த அதே கூலும்தான். மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் சுவர்களின் பின்னால் மண் எப்படித் தள்ளுகிறது என்று யோசித்து எழுதிய கட்டுரை 1776இல் அச்சானது. பிறகு 1857இல் ஸ்காட்லாந்துக்காரரான ரேங்கின் அதை இன்னும் எளிமையாக்கினார். இருவரும் சொன்னதன் சாரம் ஒரு வரிதான். 30 பாகை கோணமுள்ள மணல், ஓர் ஆழத்தில் கீழ்நோக்கி எவ்வளவு அழுத்துகிறதோ அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே பக்கவாட்டில் தள்ளும். மீதியை மணல் துகள்களே ஒன்றோடொன்று உராய்ந்து தமக்குள் தாங்கிக்கொள்கின்றன.

இப்போது தண்ணீருக்கு வருவோம். தண்ணீருக்கு உராய்வு கிடையாது. குவித்து வைக்க முடியாது. அதனால் அது கீழே எவ்வளவு அழுத்துகிறதோ அதே அளவு பக்கவாட்டிலும் தள்ளுகிறது. மூன்றில் ஒரு பங்கு அல்ல, முழுப் பங்கு. தாங்கு சுவர் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. கடலோரத்தில் அது முக்கால்வாசி.

நம் காம்பவுண்டுச் சுவரில் ஒரு மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் உயரம், 23 சென்டிமீட்டர் கனம். எடை ஏறத்தாழ 870 கிலோ. சுவர் வெளிப்பக்கம் கவிழ வேண்டுமானால் தன் வெளி விளிம்பின்மேல் சாய வேண்டும். எடையின் மையம் அந்த விளிம்பிலிருந்து பதினொன்றரை சென்டிமீட்டர் உள்ளே. 870ஐ 0.115ஆல் பெருக்கினால் 100. இது சுவர் கவிழாமல் நிற்கும் திறன். கிலோவை மீட்டரால் பெருக்கிய கணக்கில் நூறு.

பின்னால் மூன்றடி, அதாவது 90 சென்டிமீட்டர் காய்ந்த மண். மேலே அழுத்தம் ஒன்றுமில்லை, கீழே போகப்போகக் கூடுகிறது. ஆகவே அழுத்தம் ஒரு முக்கோணம். அதன் மொத்தத் தள்ளுவிசை ஏறத்தாழ 240 கிலோ. முக்கோணத்தின் மையம் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது 30 சென்டிமீட்டரில். பெருக்கினால் 72. நூறுக்கு எழுபத்திரண்டு. சுவர் நிற்கும். கட்டியவருக்கு நிம்மதி, பார்த்தவர்களுக்கு நம்பிக்கை. ஒரு கோடை முழுக்க நிற்கும்.

மழை வருகிறது. மூன்றடி மண்ணும் ஊறி, தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கி, வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது என்று வையுங்கள். மணலின் எடையில் ஒரு பகுதியைத் தண்ணீர் மிதத்திவிடுவதால் மணல் தள்ளுவது 135 கிலோவாகக் குறைகிறது. ஆனால் தண்ணீர் மட்டும் தன் பங்குக்கு 405 கிலோ தள்ளுகிறது. மொத்தம் 540. அதை 0.3ஆல் பெருக்கினால் 162. நூறுக்கு நூற்று அறுபத்திரண்டு.

ஒரே சுவர், ஒரே மண், ஒரே உயரம். கோடையில் நின்றது ஒரே மழையில் சாய்கிறது. செங்கலுக்கும் காரைக்கும் உள்ள பிடிப்பு கொஞ்சம் உதவும்தான், அதை நம்பிக் குழந்தைகள் விளையாடும் தெருவோரத்தில் சுவரை விடக்கூடாது. மழைநாளில் சுவர் விழுந்தது என்று செய்தி படிக்கும்போதெல்லாம் ‘பழைய சுவர்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பல இடங்களில் சுவருக்கு வயதாகியிருக்காது. பின்னால் தண்ணீர் நின்றிருக்கும்.

முறையாகக் கட்டினால் எப்படி இருக்கும்?

எல் எழுத்தைப் போன்ற, அல்லது தலைகீழ் டீ எழுத்தைப் போன்ற ஆர்.சி.சி. சுவர், அதாவது கம்பி வைத்த கான்கிரீட் சுவர்தான் பத்தடி, பதினைந்தடி உயரங்களுக்கு வழக்கம். இதன் சாமர்த்தியம் அடித்தட்டில் இருக்கிறது. தட்டின் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் உள்நோக்கி நீள்கிறது. அதை ‘ஹீல்’, குதிகால் என்கிறோம். வெளிப்பக்கம் சிறிதாக நீள்வது ‘டோ’, விரல். குதிகாலின்மேல் உட்காரும் மண்ணின் எடையே சுவரைப் பிடித்து நிறுத்துகிறது. தள்ளுகிற மண்ணையே காவலுக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு.

மூன்று மீட்டர் உயரச் சுவர், இரண்டு மீட்டர் அகல அடித்தட்டு என்று கொண்டு பார்த்தால், காய்ந்த நிலையில் ஒரு மீட்டர் நீளத்துக்குத் தள்ளுவிசை 2.7 டன். சுவர், தட்டு, அதன்மேல் மண் எல்லாம் சேர்ந்து சுமார் 10 டன் கீழே அழுத்துகிறது. மணலுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையிலான உராய்வு அதில் பாதி, 5 டன். 2.7 தள்ளினால் 5 தடுக்கிறது. சறுக்கலுக்கு எதிராக ஒன்றரை மடங்கு பாதுகாப்பு இருந்தால் போதும் என்பது வழக்கம். இங்கே அதற்கு மேலேயே இருக்கிறது.

அதே சுவரின் பின்னால் தண்ணீர் உச்சிவரை நின்றால்? தள்ளுவிசை 6 டன். அதோடு நிற்பதில்லை, தண்ணீர் அடித்தட்டுக்குக் கீழேயும் புகுந்து மேல்நோக்கித் தூக்குகிறது. 10, 11 டன் எடை 8 டன்னாகக் குறைகிறது, உராய்வு 4 டன் ஆகிறது. தள்ளுவது ஆறு, தடுப்பது நான்கு. தண்ணீர் ஒரு கையால் தள்ளும்போதே இன்னொரு கையால் சுவரின் காலை வாருகிறது. இதனால்தான் கடலோரத்தில் ‘மூன்று மீட்டர் சுவருக்கு இவ்வளவு அகலம்’ என்ற பாடப்புத்தக விகிதத்தை அப்படியே எடுத்துப் போடக்கூடாது. தண்ணீர் எந்த மட்டம்வரை வரும் என்று கேட்டுவிட்டுத்தான் அகலம். தட்டுக்கு அடியில் ஒரு பல்போலக் கீழே இறங்கும் ‘ஷியர் கீ’ வைப்பதும் இந்தச் சறுக்கலைத் தடுக்கத்தான்.

சாலையோரச் சுவராக இருந்தால் பின்னால் லாரி நிற்கும், பக்கத்தில் வீட்டு அஸ்திவாரம் வரும். சதுர மீட்டருக்கு ஒரு டன் கூடுதல் பாரம் வந்தால் இதே சுவருக்கு இன்னொரு டன் தள்ளுவிசை கூடும். அதையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரை வெளியே விடும் வழி

ஆக, இரண்டு வழிகள். ஒன்று, தண்ணீரின் முழுத் தள்ளலையும் தாங்கும்படி சுவரைப் பெரிதாக்குவது. மற்றது, தண்ணீரைப் பின்னால் நிற்கவிடாமல் வெளியேற்றுவது. இரண்டாவதுதான் சிக்கனம். சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்று 75 அல்லது 100 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்களைச் சற்றே வெளிச்சரிவாகப் பதிப்பார்கள். வீப் ஹோல், கசிவுத் துளை. இரும்புக் குழாய் இங்கே வேண்டாம். சில ஆண்டுகளில் துரு அடைத்துவிடும்.

வெறும் துளை மட்டும் போதாது என்பதை நம் கடற்கரை மணல் கற்றுக்கொடுக்கும். இந்த மணல் மிக நைசானது, துகள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. காற்றும் அலையும் சலித்துப் போட்டது. தண்ணீர் எளிதாக வடியும், அது நமக்கு வரம். ஆனால் தண்ணீரோடு மணலும் துளை வழியாக வெளியே ஓடிவிடும். சுவர் நன்றாக நிற்கும், பின்னால் பதித்த தரைக்கல் ஒருநாள் திடீரென்று உள்வாங்கும். தோண்டிப் பார்த்தால் அடியில் பொந்து இருக்கும்.

அதனால் மணலுக்கும் துளைக்கும் நடுவே வடிகட்டி அடுக்கு தேவை. மணலையொட்டிப் பருமணல், அடுத்துச் சிறுஜல்லி, துளையருகே முக்கால் அங்குல ஜல்லி. ஒவ்வோர் அடுக்கின் இடைவெளியும் முந்தைய அடுக்கின் துகளைத் தாண்டவிடாத அளவுக்குச் சிறிதாகவும், தண்ணீரைத் தேக்காத அளவுக்குப் பெரிதாகவும் இருக்க வேண்டும். மண் இயக்கவியலை ஒரு துறையாக நிறுவிய டெர்சாகி இதற்கு விகிதமே வகுத்துத் தந்திருக்கிறார்: வடிகட்டியின் நுண்பகுதித் துகள், பின்னாலுள்ள மண்ணின் பெருந்துகளைப்போல நான்கு, ஐந்து மடங்குக்கு மேல் போகக்கூடாது. இன்று ஜியோடெக்ஸ்டைல் துணியைச் சுற்றி ஜல்லி நிரப்பினால் வேலை சுலபமாக முடிகிறது. துணி கிழியாமல் மண் கொட்ட வேண்டும், அவ்வளவுதான். பின்னால் நிரப்புவதற்குக் கட்டட இடிபாடும் களிமண் கலந்த சவுடும் வேண்டாம். அங்கேயே தோண்டிய சுத்தமான மணல் அதைவிடப் பல மடங்கு மேல். காசு கொடுத்துக் கெட்ட மண் வாங்குவதைப் பல மனைகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கடலும் முகத்துவாரமும் செய்யும் வேலை

உள்நாட்டில் நிலத்தடி நீர் மழைக்கு ஏறும், கோடைக்கு இறங்கும். கடலோரத்தில் அது ஒரே நாளில் ஏறி இறங்கும். ஏற்றவற்றம், ஓதம் என்று நம் மொழியில் இதற்குப் பழைய பெயர்கள் உண்டு. ‘சுவரில் ஓதம் ஏறுது’ என்று வீட்டில் சொல்வதும் இதே சொல்தான். கடலேற்றத்துக்கும் சுவர் ஈரத்துக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். தாங்கு சுவர்க்காரருக்கு இரண்டும் ஒரே சங்கதி.

குஜராத்தின் பாவ்நகர்ப் பக்கம் ஓத வேறுபாடு பத்து மீட்டரை எட்டும். நம் சோழமண்டலக் கரையில் சுமார் ஒரு மீட்டர்தான். குறைவு என்று அலட்சியம் செய்ய முடியாது, காரணம் தாமதம். வெளியே கடல்மட்டம் இறங்கியதும் சுவரின் பின்னாலுள்ள நீர் உடனே இறங்குவதில்லை. மணலுக்குள் ஊர்ந்து வர நேரமாகும். அந்த இடைவெளி நேரத்தில் உள்ளே உயரம், வெளியே தாழ்வு. வெளியிலிருந்து சுவருக்கு முட்டுக்கொடுத்துக் கொண்டிருந்த தண்ணீர் போய்விட்டது, உள்ளிருந்து தள்ளும் தண்ணீர் அப்படியே இருக்கிறது.

இதன் பெரிய வடிவம் கழிமுகங்களில் நடக்கிறது. அடையாறு, கோவளம் போன்ற முகத்துவாரங்களைக் கோடையில் மணல்திட்டு அடைத்துக்கொள்ளும். மழை பெய்து ஆறும் பக்கிங்காம் கால்வாயும் நிரம்பி, திட்டு உடைந்தோ வெட்டிவிடப்பட்டோ தண்ணீர் கடலுக்குப் பாயும்போது மட்டம் மளமளவென்று இறங்கும். கரையோரச் சுவருக்கு மிக ஆபத்தான நேரம் வெள்ளம் ஏறும் நேரமல்ல, வடியும் நேரம். ‘அப்பாடா, தண்ணீர் வடிந்தது’ என்று ஊரே மூச்சுவிடும்போது சுவர் வெளிப்பக்கம் சாயும். வடிவமைக்கிறவர் இந்த வேளையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

கால்வாய்க்கோ கடலுக்கோ நேரே முகம் காட்டும் சுவரில் கசிவுத் துளையைத் தாழ வைத்தால் ஓதமேறும்போது வெளித் தண்ணீர் உள்ளே புகும். ஒருவழியாக மட்டும் திறக்கும் மூடி வைக்கலாம். ஆனால் சிப்பியும் பாசியும் மணலும் சேரும் இடத்தில் மூடி எத்தனை நாள் வேலை செய்யும் என்பதை யோசித்துக்கொள்ள வேண்டும். இயன்றவரை உயர் ஓத மட்டத்துக்கு மேலேயே துளைகளை வைத்து, அதற்குக் கீழுள்ள உயரத்துக்குத் தண்ணீரின் தள்ளலைச் சுவரே தாங்கும்படி கனத்தைக் கூட்டுவது என் விருப்பம். மூடியை விடக் கான்கிரீட்டை நம்பலாம்.

அடியில் என்ன இருக்கிறது?

திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் மேலே மணல். எண்ணூர்க் கழிவெளியோரம் சேறும் மென்களியும். நாகை வட்டாரத்தில் காவிரி கொண்டுவந்த வண்டலும் களியும் மாறிமாறி. பத்து மீட்டர் தள்ளிப் போனால் படிவம் மாறும் நிலம் இது. ஆகவே போர் போட்டு மண் பரிசோதனை செய்யாமல் சுவர் வரைபடம் போடுவது நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுவது போல. பரிசோதனை எளிமையானதுதான். மண்ணில் நிறுத்திய ஒரு குழாயின் தலைமேல் 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுகிறார்கள். குழாய் முதல் 15 சென்டிமீட்டர் இறங்கியபின், அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். அதுதான் ‘என்’ எண். மணலில் பத்துக்குக் கீழே வந்தால் தளர்ந்த மணல். முப்பதைத் தாண்டினால் இறுகியது.

தளர்ந்து, நீரில் ஊறிய மணலுக்கு இன்னொரு குணம் இருக்கிறது. நிலம் அதிர்ந்தால் துகள்கள் நெருங்கப் பார்க்கும். இடையில் தண்ணீர் இருப்பதால் நெருங்க முடியாது. பாரம் முழுவதும் தண்ணீரின்மேல் விழுந்து மணல் சில நொடிகளுக்குத் திரவம்போல் ஆகிவிடும். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரில் இதுதான் நடந்தது. செயற்கைத் தீவுகளின் விளிம்பில் நின்ற பிரம்மாண்டமான கான்கிரீட் துறைமுகச் சுவர்கள் உடையவில்லை. அடியிலும் பின்னாலும் நிரப்பிய மண் இளகியதால் முழுசாக, சில இடங்களில் ஐந்து மீட்டர்வரை, கடலை நோக்கி நகர்ந்து சாய்ந்தன. சென்னை அவ்வளவு பெரிய நிலநடுக்கப் பகுதி அல்ல என்றாலும் 2002இல் திருத்தப்பட்ட இந்தியத் தர ஆவணம் அதை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. ‘என்’ எண் குறைவாக இருந்தால் மணலை இறுக்குவதா, பைல் எனும் ஆழத் தூண்களை இறக்குவதா என்பதை அந்த இடத்தில் முடிவு செய்ய வேண்டும். மென்களி என்றால் பெரும்பாலும் பைல்தான். இல்லாவிட்டால் சுவர் கவிழாது, மெல்ல மெல்ல அமிழும்.

தோண்டும் நாளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஈரமணலில் குழந்தைகள் வீடு கட்டுகிறார்களே, அந்த ஈரம் மணலைச் சற்று நேரம் பிடித்து வைக்கும். காலையில் ஆறடி ஆழம் செங்குத்தாக வெட்டிய பள்ளம் அழகாக நிற்கும். வெயிலேறிக் காய்ந்தாலும் சரியும், மழை பெய்து ஊறினாலும் சரியும். உள்ளே கம்பி கட்டுகிறவர் ஓடுவதற்கு நேரமிருக்காது. பக்கங்களைச் சரிவாக வெட்டுங்கள், அல்லது பலகை முட்டுக்கொடுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டினால் குழிக்குள் பம்பு வைத்து இறைக்கும்போது அடிமணல் கொதிப்பதுபோல் மேலே பொங்கும். அங்கே போட்ட அஸ்திவாரம் கலங்கிய மணலில் உட்காரும். குழிக்கு வெளியே வடிகுழாய்கள் இறக்கி நீர்மட்டத்தையே தாழ்த்திவிட்டுத் தோண்டுவதுதான் சரி.

உப்பு

இதுவரை பேசியது சுவர் கட்டிய முதல் மழையைத் தாண்டுவதற்கு. முப்பது ஆண்டு நிற்பதற்கு உப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்கி வைத்திருக்கிறது. கடல்நீரிலுள்ள குளோரைடு நுண்துளைகள் வழியே நுழைந்து அந்தப் படலத்தைக் கிழிக்கிறது. பிறகு ஈரமும் காற்றும் கிடைத்தால் துரு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். எப்போதும் மூழ்கியே இருக்கும் பகுதியைவிட, நனைந்து காய்ந்து நனைந்து காயும் பகுதிதான் வேகமாகக் கெடுகிறது.

தாங்கு சுவரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, பலர் கவனிப்பதில்லை. மண் தள்ளும்போது சுவர் வெளிப்பக்கம் வளையப் பார்க்கிறது. இழுவிசை வருவது மண்பக்கத்தில். ஆகவே முக்கியக் கம்பி மண்பக்கம்தான் இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரை எந்நேரமும் தொட்டுக்கொண்டிருப்பதும் அதே பக்கம். விரிசல் விட்டாலும், துரு கசிந்தாலும், மண்ணுக்குள் நடப்பது நம் கண்ணில் படாது. அதனால் மண்பக்கத்தின் கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமனில் ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். பழக்கமில்லாத மேஸ்திரிகள் கனமான கம்பியை வெளிப்பக்கம் கட்டிவிடுவதும் உண்டு. கான்கிரீட் போடும் முன் நீங்களே எட்டிப் பாருங்கள்.

ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர ஆவணம் கடலோரச் சூழலை ‘கடுமை’ வகையில் வைக்கிறது: குறைந்தது எம்30 வலிமைத் தரமுள்ள கான்கிரீட், கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர், சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது. கடல் சாரல் நேரே படுமிடம் ‘மிகக் கடுமை’: எம்35, 50 மில்லிமீட்டர். ஓதம் ஏறி இறங்கும் பகுதி ‘உச்சம்’: எம்40, 75 மில்லிமீட்டர், தண்ணீர் 0.40. வீட்டுத் தூண் போடும் எம்20 கலவையோடு கடலோரச் சுவர் கட்டுவது இந்த அட்டவணையைத் திறந்தே பார்க்காதவர் செய்யும் வேலை. கம்பிக்கு அந்தக் கவர் இடைவெளி கிடைக்க வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக உடைந்த ஜல்லியையும் செங்கல் துண்டையும் வைக்காதீர்கள். உப்பு நுழைய அதுவே வாசல்.

சிமென்ட் தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. கடலோர மண்ணில் சல்பேட் இருக்கும் என்பதால் சல்பேட் எதிர்ப்புச் சிமென்ட் வாங்கத் தோன்றும். ஆனால் அந்தச் சிமென்டில் குளோரைடைக் கட்டிப்போடும் சேர்மம் குறைவு. சல்பேட்டும் குளோரைடும் சேர்ந்திருக்கும் இடத்தில் அதற்குப் பதில், பாதிக்கு மேல் இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்டைப் பயன்படுத்தலாம் என்று அதே ஆவணம் சொல்கிறது. கலக்கும் தண்ணீரையும் சோதியுங்கள். கம்பியுள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு எல்லை. கடல்நீரில் இருப்பது சுமார் 19,000. கடலோர போர் தண்ணீர் இந்த எல்லையைத் தாண்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கலக்க நல்ல தண்ணீர் வாங்கிவிட்டு, க்யூரிங்குக்கு, அதாவது போட்ட கான்கிரீட்டை நனைத்து வைப்பதற்கு, அந்த உப்பு போரைத் திருப்பிவிடுவதும் தவறுதான்.

உப்பை எதிர்த்து நிற்பதில் நமக்குச் சொந்த அனுபவம் உண்டு. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் துருவோடு போராடியது. 2025இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கம்பிகளுக்குச் சிமென்ட் சார்ந்த பூச்சுகளை உருவாக்கியிருக்கிறது. வீட்டுச் சுவருக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. அடர்த்தியான கான்கிரீட், முழு கவர், ஒழுங்கான க்யூரிங், இவை மூன்றே பெரும்பகுதி வேலையை முடித்துவிடும்.

அலை தொடும் இடம்

அலை நேரே மோதும் இடத்தில் கட்டுவது தாங்கு சுவரா, கடல்தடுப்பா என்ற கேள்வியே வேறு. அங்கே சுவரின் முன்னால் விரலடியிலுள்ள மணலை அலை அரித்துத் தின்னும். செங்குத்துச் சுவரில் மோதித் திரும்பும் அலை கீழ்நோக்கிப் பாய்ந்து இன்னும் வேகமாகத் தோண்டும். தரங்கம்பாடியில் 1306இல் கட்டிய மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்பு வந்தபின் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டு, கடற்கரை கரைந்து, பாறாங்கற்களைக் கொட்டி நகரைக் காக்க வேண்டியதாயிற்று. எனவே அடியைப் போதிய ஆழத்துக்கு இறக்குவதும், முன்னால் கருங்கற்களை அடுக்கி வைப்பதும் அங்கே அலங்காரமல்ல. கடலுக்கு இவ்வளவு அருகில் எதையும் கட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின் கீழ் அனுமதி வேண்டும் என்பதோடு, உங்கள் சுவர் பக்கத்துக் கரையை அரிக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். அங்கே ஒரு மீனவ ஊர் இருக்கலாம்.

கட்டி முடித்தவர்களுக்கு

புரட்டாசி பிறந்ததும் ஒரு நாள் ஒதுக்குங்கள். கசிவுத் துளை ஒவ்வொன்றிலும் ஒரு மூங்கில் குச்சியை மெதுவாக விட்டு எட்டுக்கால் பூச்சிக் கூட்டையும் குப்பையையும் எடுத்துவிடுங்கள். வடிகட்டித் துணியைக் கிழிக்கும்படி குத்தக் கூடாது. முதல் பெருமழை முடிந்த மறுநாள் காலை சுவருக்கு வெளியே போய் நில்லுங்கள். துளைகளிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டினால் எல்லாம் சரி. எதிலும் ஒரு சொட்டும் வராமல், பின்னால் தரை சொதசொதவென்று இருந்தால் அடைப்பு. துளையடியில் நைசான மணல் சிறு குவியலாகச் சேர்ந்திருந்தால் உள்ளே வடிகட்டி விட்டுவிட்டது. அந்த இடத்தின் நேர் பின்னால், அடுத்த மழைக்கு முன்பே, தோண்டிப் பாருங்கள்.